வாசித்து விளங்கிய பின்பே கையொப்பம்

வளர்ந்தோருக்கு எழுத வாசிக்கப் பழக்க முன்வரும் தொண்டர்களுக்கான ஒரு பாடம்



இந்தப் பாடத்தை ஐந்தாறு பேராகக் கூடியிருந்து படிப்பது நல்லது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் சற்று நிறுத்தி, அதில் சொல்லப்பட்டது உங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று கதையுங்கள். இறுதியில் வினாக்களும் ஒரு செயற்பாடும் தரப்பட்டுள்ளன.

பாடத்தின் நோக்கம்: எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர், தம் அயலிலுள்ள வளர்ந்த ஒருவருக்கு அதைப் பழக்குவது எப்படி என்று அறிந்துகொள்ளல்.

1. எங்களுக்குள் இப்படியும் இருக்கிறார்களா?

இலங்கையில் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அந்த நன்மையினால் எழுத்தறிவில் எங்கள் நாடு ஆசியாவில் மேலான இடத்தைப் பெற்றது. ஆகவே “இங்கே வாசிக்கத் தெரியாதவர் யார் இருக்கிறார்கள்?” என்று பலர் கேட்பதுண்டு. ஆனால் நாடு முழுவதற்குமான கணக்கு வேறு, எங்கள் குடியிருப்பின் கணக்கு வேறு.

1990 இல் ஆறு வயதாக இருந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரிய இடப்பெயர்வு நடந்தது. 2006 இல் மூதூர் கிழக்கு மக்களும், 2008, 2009 இல் வன்னி மக்களும் அலைந்தார்கள். பாடசாலைகளே அகதிகள் தங்கும் இடங்களாயின. அந்தப் பிள்ளை இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ நின்றுபோய், தாய் தகப்பனோடு தோட்டத்திலும் கூலியிலும் இறங்கியது. இன்று அவர் நாற்பதைத் தாண்டிய விவசாயி. மண்ணின் குணம் சொல்வார், மழைக்குறி சொல்வார். கடிதம் வந்தால் மட்டும் அடுத்த வீட்டுக்குக் கொண்டு ஓடுவார்.

மலையகத்திலிருந்து 1977 வன்செயலின் பின்னர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்கு வந்து குடியேறிய குடும்பங்களையும் மறக்கக்கூடாது. தோட்டப் பாடசாலைகள் குறைவான வசதியோடு இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். வந்த இடத்திலும் போர் அவர்களை விடவில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்குப் படிப்பு தவறிப்போனதும் உண்டு.

ஆகவே எழுத்தறியாமை என்பது மூளைக் குறைவல்ல, சோம்பலுமல்ல. அவர்களுக்கு வரவேண்டியிருந்த ஒன்று வராமற்போயிற்று. இதனைத் தொண்டர் முதலில் தம் மனத்தில் உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டும். இது விளங்காதவர் எத்தனை பெரிய படிப்புப் படித்திருந்தாலும் இந்த வேலைக்கு உதவமாட்டார்.

2. கைநாட்டும் கையொப்பமும்

பல இடங்களில் எழுத்தறிவு வகுப்பு என்றால் பெயரை எழுதப் பழக்குவதோடு முடிந்துவிடுகிறது. பெருவிரல் மை போய்க் கையொப்பம் வந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அது நல்ல தொடக்கந்தான். ஆனால் அதிலே ஓர் ஆபத்தும் உண்டு.

கைநாட்டு வைப்பவரைக் கண்டால் அலுவலர் “இவருக்கு வாசிக்கத் தெரியாது” என்று உணர்ந்து, கடதாசியில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லக்கூடும். கையொப்பம் இடுபவரைக் கண்டால் “இவர் வாசித்துத்தான் ஒப்பமிடுகிறார்” என்று எண்ணிவிடுவார். எழுத்தைக் கீறத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறார்.

காணி விடயத்தைப் பாருங்கள். இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியைக் கைமாற்றுவதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிடுபவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் உறுதியை வாசித்து விளக்கிச் சொல்வது நொத்தாரிசின் கடமை. வாசிக்கத் தெரியாதவருக்கு இது ஒரு பாதுகாப்பு. ஆனால் “எனக்கு வாசிக்கத் தெரியாது, வாசித்துச் சொல்லுங்கள்” என்று கேட்க வாய் வரவேண்டுமே! சபையில் வெட்கப்பட்டு, தலையை ஆட்டி, ஒப்பமிட்டு வந்தால் சட்டம் இருந்தும் பயனில்லை.

கடனும் அப்படித்தான். 2009 இல் போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கொடுக்கும் கம்பனிகள் ஊரூராகப் பரவின. பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று கடன் எடுத்தார்கள். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, மற்றவர் கட்டாவிட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் கடதாசியில் எழுதப்பட்டிருந்தது. அதை வாசிக்கத் தெரியாமல் ஒப்பமிட்டவர்கள் பின்னர் கிழமைதோறும் வீட்டு வாசலில் வந்து நின்றவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எனவே தொண்டரின் இலக்கு பெயர் எழுதப் பழக்குவது மாத்திரமல்ல. தமக்கு முன் வைக்கப்படும் கடதாசியை வாசித்து, விளங்காத இடத்தில் கேள்வி கேட்டு, அதன் பின் ஒப்பமிடும் அளவுக்கு ஒருவரைக் கொண்டுவருவதே இலக்கு. இந்தப் பாடத்தில் மற்றெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

3. மற்ற நாடுகளில் செய்தவர்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிந்தனாவோத் தீவில் லனாவோ என்ற பகுதி உண்டு. அங்குள்ள மரனாவோ மக்கள் இஸ்லாமியர்கள். பிராங்க் லௌபக் என்ற அமெரிக்க மிசனரி 1930 அளவில் அவர்களுடைய மொழியிலேயே எழுத வாசிக்கப் பழக்கினார். உலகப் பொருளாதார மந்தத்தினால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமற் போயிற்று. வேலை நின்றுவிடும் என்ற நிலையில் அந்த மக்களின் தலைவர் ஒருவர், படித்தவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குப் படிப்பிக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். “ஒருவர் ஒருவருக்கு” என்ற முறை அங்கிருந்து பல நாடுகளுக்குச் சென்றது. இதிலிருந்து நாம் படிப்பது: பணம் இல்லாவிட்டாலும் இந்த வேலை நடக்கும்; நேற்றுப் படித்தவரே நாளைய ஆசிரியராகலாம்.

பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வரட்சியும் வறுமையும் நிறைந்த பகுதியில் அஞ்சிக்கோஸ் என்று ஓர் ஊர். 1963 இல் பாவுலோ பிரெய்ரே என்ற கல்வியாளரின் வழிகாட்டலில் தொண்டர்கள் அங்கே சென்று, ஏறக்குறைய 300 தொழிலாளருக்கு 40 மணித்தியால வகுப்புகளில் எழுத வாசிக்கப் பழக்கினார்கள். அவர்கள் அரிவரிப் புத்தகத்தோடு தொடங்கவில்லை. முதலில் மக்களின் பேச்சைக் கேட்டார்கள். மக்கள் அடிக்கடி சொல்லும், அவர்கள் வாழ்வோடு ஒட்டிய சொற்களைத் தெரிந்தெடுத்தார்கள். செங்கல் என்ற சொல்லைப் போல, கையால் தொட்டு வேலை செய்யும் பொருட்களின் பெயர்கள் அவை. அந்தப் பொருளைப் பற்றி முதலில் கதைத்து, பிறகு சொல்லைத் துண்டுகளாகப் பிரித்து, அத்துண்டுகளால் புதுச் சொற்களை ஆக்கினார்கள். அக்காலத்தில் பிரேசிலில் எழுத்தறியாதவருக்கு வாக்குரிமை இல்லை. ஆகவே மக்கள் வாசிக்கப் பழகுவது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1964 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்த வேலை நிறுத்தப்பட்டது. பிரெய்ரே சிறை வைக்கப்பட்டார், பின்னர் நாட்டை விட்டுச் செல்ல நேர்ந்தது. ஆனால் அவருடைய முறை உலகெங்கும் பரவிற்று.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 இல் அறிவொளி இயக்கம் நடந்தது. வயலிலும் கற்குவாரியிலும் வேலை செய்யும் ஏழைப் பெண்கள் மாலையில் வந்து படித்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தினால் எழுத்தோடு சைக்கிள் ஓட்டப் பழக்குவதும் சேர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பெண் தொண்டர்கள் பேருந்தை எதிர்பாராமல் ஊர்ஊராகப் போய் வந்தார்கள். மற்றப் பெண்கள் சந்தைக்கும் வேலைக்கும் தாமே போனார்கள். எழுத்து ஒருவரைத் தம் காலில் நடக்கவைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

4. தொண்டராக யார் வரலாம்?

பெரிய பட்டம் தேவையில்லை. கடிதம் ஒன்றைத் தட்டில்லாமல் வாசிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும். ஆனால் பின்வரும் நான்கும் வேண்டும்.

பொறுமை: சொன்னதைப் பத்துத்தரம் சொல்ல வேண்டிவரும். பத்தாவது தரமும் முதல் தரம் சொன்ன முகத்தோடு சொல்ல வேண்டும்.

மரியாதை: படிக்க வருபவர் ஐயா, அம்மா, அண்ணை, அக்கா. பாடசாலையில் வாத்தியார் பிள்ளைகளைக் கூப்பிடுவது போல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அதட்டுவதும் கூடாது. “இதுகூடத் தெரியாதா?” என்ற ஒரு சொல் போதும், அவர் மறுநாள் வரமாட்டார். ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டார்.

இரகசியம்: வங்கிப் புத்தகம், கடன் கடதாசி, வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் கடிதம் எல்லாம் உங்கள் கைக்கு வரும். பார்த்ததை வெளியே கதைக்கக்கூடாது. அவர்களுடைய மூலப் பத்திரங்களை உங்கள் வீட்டில் வைத்திருக்கவும் கூடாது.

நிலைத்திருத்தல்: கிழமைக்கு மூன்று நாள் என்றால் மூன்று நாளும் போக வேண்டும். வேலை விட்டுக் களைத்து வந்து பாய் விரித்துக் காத்திருப்பவரை ஏமாற்றக்கூடாது. முடியாதென்றால் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

இன்னுமொன்று. ஊரிலே எழுதத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது வழக்கம். அது நல்ல உதவிதான். ஆனால் பத்து வருடமாக ஒருவருக்கே எழுதிக் கொடுத்து வந்தால், அவர் பத்து வருடமாக உங்கள் வாசலில் நிற்கிறார் என்பதே பொருள். அவசரத்துக்கு எழுதிக் கொடுங்கள். ஆறுதலான நேரத்தில் எழுதப் பழக்குங்கள்.

5. முதற் சந்திப்பு

எழுத்தறியாதோர் பட்டியல் தயாரித்து வீடு வீடாகப் போய்க் கேட்பது சரிவராது. யாரும் தம் குறையைக் கொப்பியில் பதியவிட மாட்டார்கள். உங்களோடு பழக்கமான ஒருவரிடம் தனியாகக் கதையுங்கள். அவர் இன்னொருவரைக் கூட்டி வருவார். ஒரு தொண்டருக்கு மூன்று பேர் தொடக்கம் ஆறு பேர் வரை போதும்.

இடம், நேரம் இரண்டையும் படிப்பவர்களே தீர்மானிக்கட்டும். கோவில் மண்டபமாக இருக்கலாம், மாமரத்தடியாக இருக்கலாம், ஒருவரின் விறாந்தையாக இருக்கலாம். காலபோக விதைப்பு நாட்களிலும் அறுவடை நாட்களிலும் ஆட்கள் வரமாட்டார்கள். அதற்காகக் கோபிக்க வேண்டாம். விதைப்பு முடிந்து பயிர் வளரும் இடைக்காலம் நல்லது. சிறு பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு இரவை விடப் பின்னேரம் வசதி. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கு வேறு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் பலகையில் எழுத்து எழுத வேண்டாம். “எழுத்துத் தெரியாததால் நீங்கள் இடர்ப்பட்ட இடம் எது?” என்று கேளுங்கள். ஒருவர் பேருந்துப் பலகையைச் சொல்வார். ஒருவர் மருந்துப் போத்தலைச் சொல்வார். ஒருவர் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைச் சொல்வார். அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் பாடங்களுக்கு அதுவே உங்கள் புத்தகம்.

6. மூன்று சொற்களில் ஒரு தொடக்கம்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247 எழுத்துகள். இதைக் கேட்டாலே வளர்ந்தவர் மலைத்துப்போவார். ஆகவே எண்ணிக்கையைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். 247 ஐயும் தனித்தனியே மனனம் செய்யத் தேவையில்லை. அடிப்படை எழுத்துகள் சிலவும், அவற்றோடு சேரும் குறிகளும் தெரிந்தால் மற்றவை தாமாக வரும். பின்வரும் மூன்று சொற்களோடு தொடங்கிப் பாருங்கள்.

முதற் சொல்: வீடு

மட்டை ஒன்றில் வீட்டின் படம் கீறி நடுவில் வையுங்கள். “விட்டு வந்த வீடு எப்படி இருந்தது? ஓடா, கிடுகா? எத்தனை கிணறு? இப்போது இருக்கும் வீட்டை யார் கட்டினார்கள்?” என்று கேளுங்கள். பத்து நிமிடம் அவர்கள் கதைக்கட்டும். சிலர் கண் கலங்கவும் கூடும். அவசரப்படுத்த வேண்டாம்.

பிறகு படத்தின் கீழ் “வீடு” என்று பெரிதாக எழுதி, விரலால் காட்டி வாசியுங்கள். எல்லோரும் வாசிக்கட்டும். அதன் பின் சொல்லை இரண்டாகப் பிரியுங்கள்: வீ - டு. ஒவ்வொன்றின் குடும்பத்தையும் வரிசையாக எழுதுங்கள்:

வ வா வி வீ வு வூ
ட டா டி டீ டு டூ

இந்த இரு வரியிலிருந்தும் வேறு சொல் செய்ய முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களே தேடட்டும். விடு, வடு, வாடு, வாடி என்று வரும். கரையோரத்தில் இருந்தவர் மீன்வாடியை உடனே கண்டுபிடிப்பார். ஒரு சொல்லைத் தாமே கண்டுபிடித்தவரின் முகத்தைப் பாருங்கள். அன்றைய பாடம் அங்கே முடிந்துவிட்டது.

இரண்டாம் சொல்: காணி

“உங்கள் காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா? எல்லை தெரியுமா? பத்திரம் கையில் இருக்கிறதா?” இதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் கதைக்க முடியும். பின்பு க, ண குடும்பங்களை எழுதுங்கள். “ஐ” ஓசைக்குரிய குறியையும் இப்போது சேர்க்கலாம். காடு, கூடு, கடி, கடை, காவடி, விடை, வீணை, வாடகை என்று பல சொற்கள் கிடைக்கும்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்கவும். டு, வு, கு, ணு ஆகியவற்றில் உகரக் குறி ஒவ்வொரு விதமாக மாறும். இதற்குக் காரணம் சொல்லி நேரம் போக்காமல், “இவை தனியாகப் பார்த்துப் பழக வேண்டியவை” என்று சொல்லுங்கள். அடுத்தது, சிறு வயதில் கொஞ்சம் படித்த முதியவர் ணை, லை, னை போன்றவற்றைப் பழைய கொம்பு வடிவத்தில் எழுதக்கூடும். 1978 இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின்பே இன்றைய வடிவம் அங்கு அச்சில் நிலைத்தது. எங்கள் அச்சுக்கும் அது பின்னர் வந்தது. ஆகவே பழைய வடிவத்தைப் பிழை என்று வெட்ட வேண்டாம். “இப்போது இப்படி எழுதுகிறார்கள்” என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

மூன்றாம் சொல்: பணம்

கடைக்காரரிடம் கடன், அறுவடையில் கொடுக்கல் வாங்கல், சந்தை விலை என்று பேச்சு தானாகவே வரும். இந்தச் சொல்லில் ப, ம குடும்பங்களோடு மேலே புள்ளி வைக்கும் வழக்கமும் அறிமுகமாகிறது. மண், கண், மணி, மாடு, படி, படம், மடு, மாமி வீடு, வாடகைப் பணம் எல்லாவற்றையும் இப்போது வாசிக்கலாம்.

இப்போது “படிவம்” என்று எழுதிக் காட்டி, யாராவது வாசிக்கிறார்களா என்று பாருங்கள். ப, டி, வ, ம் நான்கும் அவர்கள் படித்த எழுத்துகள்தாம். அடுத்து “காணிப் படிவம்” என்று எழுதுங்கள். இதுவரை எந்தச் சொல்லைக் கண்டு கந்தோர் வாசலில் தயங்கி நின்றார்களோ, அந்தச் சொல்லைத் தாங்களே வாசித்துவிடுவார்கள்.

வ, ட, க, ண, ப, ம என்ற ஆறு எழுத்துகளும், ஆறு குறிகளும், ஒரு புள்ளியும் சேர்ந்து 48 எழுத்துகள் ஆகின்றன. நாலாவது சொல்லிலிருந்து சொற்களைப் படிப்பவர்களே தெரிவு செய்யட்டும். மழை, நெல், உரம், பிள்ளை, கடன் என்று அவர்கள் சொல்லச் சொல்லப் புது எழுத்துகள் வந்து சேரும்.

இதோடு, ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி ஒரு துண்டு மட்டையில் எழுதிக் கொடுங்கள். சில பெயர்களுக்கு ஜ, ஸ, ஷ போன்ற எழுத்துகளும் தேவைப்படும். அவற்றை அந்தப் பெயருக்குரியவர் முதலில் பழகட்டும்.

7. வீட்டுக் கடதாசிகளே பாடப்புத்தகம்

இரண்டாம் மாதத்திலிருந்து ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள ஒரு கடதாசியைக் கொண்டுவரட்டும். வசதியானால் நிழற்பிரதி எடுத்து அதில் பழகலாம். பின்வரும் ஒழுங்கு இலகுவானது.

அடையாள அட்டையும் பிறப்பு, இறப்புப் பத்திரங்களும்: பெயர், பிறந்த திகதி, இடம். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் பின்னர் காணி, கொடுப்பனவு எல்லாவற்றிலும் இடர் வரும். தாமே வாசித்தால் பிழையைத் தாமே கண்டுகொள்வார்கள்.

வங்கிப் புத்தகம்: வைப்பு, மீளப்பெறல், மீதி ஆகிய சொற்கள். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகள் வங்கிக் கணக்குக்கே வருவதால் இது முக்கியம்.

உரப்பையும் கிருமிநாசினிப் போத்தலும்: பெயர், நிறை, கலக்கும் அளவு, விசிறிய பின் எத்தனை நாளுக்குள் அறுவடை செய்யக்கூடாது என்ற அறிவுறுத்தல். இதை வாசிப்பது உயிரோடு தொடர்புடைய காரியம். வெற்றுப் போத்தலைக் கழுவிக் கொண்டுவந்தாலும், அதைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராம அலுவலரின் அறிவித்தல், கமநல சேவை நிலையத்தின் கடிதம்: திகதி, நேரம், இடம், கொண்டுவர வேண்டியவை. கடைசித் திகதியைத் தேடிக் கோடிடப் பழக்குங்கள்.

கடன் ஒப்பந்தம்: முதல், வட்டி, தவணை, பிணையாளர் ஆகிய நான்கு சொற்களையும் தேடிக் கண்டுபிடிக்கட்டும். எல்லாச் சொல்லும் விளங்காவிட்டாலும் இந்த நான்கையும் கண்டு, பக்கத்தில் உள்ள இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தால் பெரிய குழியில் விழாமல் தப்பலாம்.

இலக்கம் பழக்குவது பெரும்பாலும் இலகு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்றும், 112 இறாத்தல் ஓர் அந்தர் என்றும் மனத்தில் கணக்குப் போடுபவர் அவர். கணக்கு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கடதாசியில் இறக்கும் வழியை மட்டும் நீங்கள் காட்டுகிறீர்கள்.

பழக வேண்டிய வேறொரு காரியமும் உண்டு. அதை நடித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் அலுவலராக இருக்கட்டும். மற்றவர் கடதாசியோடு போகட்டும். “ஐயா, இதை வாசித்துப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்”, “இந்த இடம் விளங்கவில்லை, விளக்கிச் சொல்லுங்கள்”, “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து நாளைக்குத் தரலாமா?” இந்த மூன்று வசனங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். முதலில் சிரிப்பு வரும். பிறகு துணிவு வரும்.

8. இடையில் வரும் தடைகள்

கண்: நாற்பது வயதுக்குப் பின் கிட்ட உள்ள எழுத்து மங்கலாகத் தெரிவது பொதுவானது. தூரத்திலுள்ள மாட்டை அடையாளம் காண்பவருக்குக் கையிலுள்ள எழுத்துத் தெரியாது. “எனக்குத் தலையில் ஏறாது” என்று அவர் சொன்னால் முதலில் கண்ணைச் சோதியுங்கள். கடதாசியைக் கை நீட்டித் தூரப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். ஒரு மூக்குக்கண்ணாடியினால் பாதித் தடை தீரலாம். வெளிச்சமும் போதியதாக இருக்க வேண்டும்.

கை: மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்குப் பென்சில் மிக மெல்லியது. முதலில் பலகையில் வெண்கட்டியால் பெரிதாக எழுதட்டும். மணலில் எழுதுவதும் நல்லது. ஆனால் சிலர் அதைச் சின்னப் பிள்ளை வேலை என்று நினைப்பார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

வெட்கம்: தம் பிள்ளைகள் பார்க்கப் படிக்கப் பலருக்கு வெட்கம். பிள்ளைகளை வகுப்பில் வேடிக்கை பார்க்க விடாதீர்கள். ஆனால் வீட்டில் பேரப்பிள்ளை வாசிக்கும்போது பக்கத்திலிருந்து கேட்கும்படி சொல்லுங்கள். பரீட்சை வைத்துப் புள்ளி போடுவதும், முதலாம் இரண்டாம் என்று வரிசைப்படுத்துவதும் கூடாது.

மனப்பாரம்: இழப்புகளைச் சந்தித்தவர்கள் சில நாட்களில் எதையும் மனத்தில் வைத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு எழுத்தை விட்டுவிட்டுக் கதை கேட்டால் போதும்.

மறதி: புதிதாக வந்த எழுத்து பாவிக்காவிட்டால் திரும்பப் போய்விடும். வகுப்பு முடிந்தது என்று கலைந்துவிடாமல், கிழமைக்கு ஒருமுறையாவது கூடி ஒரு பத்திரிகைச் செய்தியை வாசியுங்கள். சங்கக் கூட்டத்தின் அறிக்கையைப் புதிதாகப் படித்தவர் ஒருவர் எழுதட்டும். கடைக் கணக்குக் கொப்பியை அவரே வைத்திருக்கட்டும்.

எத்தனை நாளில் முடியும் என்று கேட்பார்கள். கிழமைக்கு மூன்று மணித்தியாலம் படித்தால் 40 மணித்தியாலத்துக்குப் பதினான்கு கிழமை செல்லும். அதற்குள் ஒருவர் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கலாம். சிலருக்கு இரு மடங்கு காலம் எடுக்கும். நாள் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். போன மாதம் வாசிக்க முடியாத எதை இந்த மாதம் வாசிக்கிறார் என்பதை மட்டும் அவருக்கே காட்டுங்கள்.

9. கலந்துரையாட வினாக்கள்

அ) எங்கள் குடியிருப்பில் எழுத்துத் தெரியாததால் ஒருவர் இழந்தவை எவை? பெயர் சொல்லாமல் கதையுங்கள்.
ஆ) கடந்த ஒரு வருடத்தில் நாங்கள் வாசிக்காமல் ஒப்பமிட்ட கடதாசிகள் எவை? வாசிக்கத் தெரிந்தவர்களும் இதற்குப் பதில் சொல்லுங்கள்.
இ) வீடு, காணி, பணம் ஆகிய மூன்று சொற்களுக்கும் பதிலாக எங்கள் ஊருக்குப் பொருத்தமான வேறு சொற்கள் உண்டா?
ஈ) பெண்கள் வகுப்புக்கு வருவதானால் வீட்டில் எந்த வேலையை யார் பொறுப்பெடுப்பது?

10. செயற்பாடு

அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருமுன் ஒரே ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். வகுப்பு, பெயர்ப்பலகை, தொடக்கவிழா எதுவும் வேண்டாம். ஒரு மட்டை, ஒரு வெண்கட்டி, ஒரு கொப்பி போதும். மூன்று சொற்களையும் அவரோடு பழகிப் பாருங்கள். அவர் “படிவம்” என்ற சொல்லைத் தாமே வாசித்த நாளைக் கொப்பியில் அவரைக் கொண்டே எழுதுவியுங்கள். அதன்பின், அவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்படி கேளுங்கள்.

இடம்பெயர்ந்தபோது எத்தனையோ பத்திரங்களை விட்டுவிட்டு ஓடினோம். அவற்றைத் திரும்ப எடுக்கக் கந்தோர் கந்தோராக அலைந்தோம். இன்னும் சிலர் அலைகிறார்கள். புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு பத்திரத்தையும் அதற்குரியவரே வாசித்துப் பார்த்து வாங்கட்டும். அதற்கு ஒருவருக்குத் துணை நிற்பது உங்களால் செய்யக்கூடிய காரியம்.